லைட் வேலை முடிந்து மூன்று வருடம்: கானாடுகாத்தான் வீட்டு அனுபவம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்கு வயரிங்கும் லைட்டும் புதிதாகப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. வேலை முடிந்தது என்று சொன்னதும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எலக்ட்ரீசியன் பகல் பதினோரு மணிக்கு எல்லா ஸ்விட்சையும் போட்டுக் காட்டி மீதியைக் கேட்டார். ஆத்தாதான், "பொழுது சாயட்டும் தம்பி, பட்டப்பகல்ல வெளக்கப் பாத்தா என்ன தெரியும்?" என்று நிறுத்தினார்.

இரவு ஏழரைக்கு எல்லாவற்றையும் அணைத்தோம். இரண்டாங்கட்டு நடையில் ஒரு எல்இடி பல்பு மட்டும் மினுக்மினுக்கென்று எரிந்துகொண்டே இருந்தது. இண்டிகேட்டர் என்கிற குட்டி விளக்கு உள்ள ஸ்விட்ச் என்றாலும் இப்படி எரியலாம்; இது சாதா ஸ்விட்ச். பல்பைக் கழற்றி டெஸ்டர் வைத்தால், ஸ்விட்ச் ஆஃபில் இருந்தும் ஹோல்டரில் கரண்ட். கரண்ட் வருகிற ஃபேஸ் வயருக்குப் பதிலாக, அது திரும்பிப் போகிற நியூட்ரல் வயரை ஸ்விட்சுக்குக் கொடுத்திருந்தார்கள். அணைத்துவிட்டோம் என்று நம்பி ஏணியில் ஏறிப் பல்பு மாற்றுகிறவருக்கு என்ன ஆகியிருக்கும்! பகலில் அந்த மினுக்கல் கண்ணிலேயே பட்டிருக்காது. அங்கேயே மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம் டிபி பாக்ஸ், அதாவது வீட்டுக் கரண்ட் பிரிந்து போகிற பெட்டி. அதில் உள்ள எம்சிபிகளை (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள பாதுகாப்பு ஸ்விட்ச்) நான் ஒவ்வொன்றாக இறக்க, தம்பி மகன் வீடு முழுக்க ஓடி, "வளவு போச்சு, முகப்பு இருக்கு" என்று கத்தினான். வளவு என்பது நடுமுற்றம், முகப்பு என்பது வீட்டின் முன்பக்கம். அதை வைத்துப் பேர் எழுதி ஒட்டினோம். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் டிரிப் ஆனது, அதாவது தானே விழுந்தது. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. போன வருடம் ஒருநாள் அழுத்தியும் விழவில்லை. உடனே புதிது மாற்றினோம்.

கோட்டை விட்டதும் உண்டு. வளவு வானம் பார்த்தது, அதனால் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 லைட்தான் வாங்கினோம். பெட்டியில் இருந்த எழுத்தை நம்பினோமே தவிர, பின்னால் வயர் நுழையும் ஓட்டையை அடைத்தார்களா என்று பார்க்கவில்லை. முதல் ஐப்பசி மழையிலேயே கண்ணாடிக்குள் தண்ணீர் நின்றது. நடுராத்திரியில் ஆர்சிசிபி விழுந்து வீடே இருண்டது. வயரை அடிப்பக்கமாக வளைத்து நுழைத்து, சிலிக்கான் பூசிய பிறகு இரண்டு மழைக்காலம் தாங்கிவிட்டது. ஒப்படைக்கிற அன்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் போதும்.

மனசு ஆறாதது முகப்பில் நடந்தது. உத்தரத்து ஸ்ட்ரிப் லைட்டுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற டிரைவர் பெட்டியைப் பர்மா தேக்குப் பலகைக்குப் பின்னால் செருகி மூடிவிட்டார்கள். இரண்டாம் வருடம் அது போனது. எடுப்பதற்காகப் பலகையைப் பெயர்த்தபோது ஐயா காலத்துச் செதுக்கலில் ஒரு பூவின் இதழ் சிம்பாகத் தெறித்து விழுந்தது. அந்தச் சிம்பை ஆத்தா துணியில் முடிந்து வைத்திருக்கிறார். டிரைவர் எங்கே இருக்கிறது, கை போகுமா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெளிச்சம் 3000 கெல்வின், மஞ்சள் சாய்ந்தது. தரையில் உள்ள ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு அதில் நன்றாக எழும்புகிறது. அதே பெட்டியிலிருந்து இரண்டு பல்பு கூடுதலாகக் கேட்டு வாங்கி வைத்தோம்.

பூச்சுக்கு முன் வயர் பைப் போன வழியைப் படம் எடுத்ததும் வீண்போகவில்லை. முட்டை கலந்த சுண்ணாம்புப் பூச்சுள்ள பழைய சுவரைக் கொத்த விடவில்லை. பின்கட்டில் சிமெண்ட் சுவரில்தான் பைப் உள்ளே போகிறது. போன மாதம் அங்கே அப்பச்சி படம் மாட்ட ஆணி அடிக்க வேண்டியிருந்தது. போனில் பைப் போன வழியின் படத்தைப் பார்த்து நாலு விரல் தள்ளி அடித்தோம்.