டீசல் டேங்க் வாய் உடைந்தால்: ஒட்டுவதா, பற்றவைப்பதா, மாற்றுவதா?

பழைய டிராக்டரில் டீசல் ஊற்றும் வாய் நெளிந்தாலோ, கழுத்தில் விரிசல் விட்டாலோ அதற்காக யாரும் வேலையை நிறுத்துவதில்லை. மூடி நிற்கவில்லை என்றால் பாலித்தீன் பையைப் போட்டு ரப்பரால் இறுக்கிவிட்டு வயலில் இறக்கிவிடுகிறோம். காவிரி டெல்டாவில் இது கூடவே கூடாது. தொளி உழவில் (சேற்று உழவில்) கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுநீரும், ஐப்பசி, கார்த்திகை மழையும் அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே இறங்குகின்றன. தண்ணீர் டீசலைவிடக் கனம். அடியில் தங்கிப் பம்புக்குப் போய்ச் சேரும். எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பில், டீசலை அழுத்தித் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். அங்கே துரு பிடித்தால் செலவு டேங்கோடு நிற்காது.

பையை நன்றாக இறுக்கினால் வேறு தொல்லை. மூடியில் உள்ள சிறு துளை வழியாக டேங்குக்குள் காற்று போக வேண்டும். அது அடைபட்டால் டீசல் குறையக் குறையப் பை உள்வாங்கிக் குழியும். எஞ்சின் இழுவை இழந்து நின்றுவிடும். ஃபில்டர் அடைப்பு என்று நினைத்து அதை மாற்றுவதில் பயன் இல்லை.

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன் பேட்டரி டார்ச் அடித்து டேங்கின் அடியைப் பாருங்கள். அடியும் பொரிந்து செதில் செதிலாக இருந்தால் வாய்க்குச் செலவு செய்வது வீண். கோடியக்கரை, வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எம்-சீல் போன்ற ஒட்டுக்களிம்பு மலிவு, தீ வேண்டாம், வீட்டிலேயே முடியும். கழுத்தில் மயிரிழை விரிசல் என்றால் போதும். ஆனால் டீசல் நனைந்த தகட்டில் அது பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். மூடியின் காது மாட்டும் விளிம்பு உடைந்திருந்தால் களிம்பால் விளிம்பு கட்டாதீர்கள். மூடியின் ஸ்பிரிங் இழுப்பில் அது பெயர்ந்துவிடும். துணுக்கு டேங்குக்குள் விழும். களிம்பு என்பது நடவு முடியும்வரை தாக்குப்பிடிக்கும் வழி, அவ்வளவுதான்.

என் தேர்வு ஈயப்பற்று. பல பழைய டேங்குகளின் கழுத்து கம்பெனியிலேயே ஈயப்பற்றால் இணைத்ததுதான். பற்று ஈயம் உருக 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு போதும். பித்தளைப் பற்றுக்கு 900 டிகிரியை நெருங்க வேண்டும். மெல்லிய தகடு நெளியாமல் தப்புவது ஈயத்தில்தான். இதற்கு வெல்டிங் பட்டறையைவிட ரேடியேட்டர் பட்டறை நல்லது. தினமும் ஈயத்தோடு புழங்கும் கை அங்கே இருக்கிறது. சூட்டுக்கோலைத் தள்ளி உள்ள அடுப்பில் காய்ச்சி எடுத்து வருவதால் சுடர் டேங்கை நெருங்குவதில்லை. அதற்காகக் கழுவாமல் கொடுக்கலாம் என்று இல்லை. காய்ந்த கோலின் சூடே டீசல் ஆவியைப் பற்றவைக்கும். பழைய இரும்புக் கடையில் அதே மாடல் டேங்கின் கழுத்தை வெட்டி வாங்கிப் பொருத்தினால் மூடியும் கச்சிதமாக உட்காரும். ஜி.ஐ. பைப் துண்டைக் கழுத்தாக வைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு டீசலோடு வினைபுரிந்து ஃபில்டரையும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலையும் அடைக்கும். பற்றவைக்கத் தடவிய அமிலத்தையும் நன்றாகக் கழுவிவிட வேண்டும். மிஞ்சினால் அதே இடத்தில் துரு ஆரம்பிக்கும்.

கேஸ் வெல்டிங்கிலோ பித்தளைப் பற்றிலோ கிடைக்கும் உறுதி ஈயத்தில் இல்லை என்பது உண்மை. கேனால் தினமும் இடிபடும் வாய்க்கு அந்த உறுதி பயன்படும். ஆனாலும் உயிர் போகும் இடம் இதுதான். டேங்க் காலி என்கிறார்கள். காலி டேங்கில்தான் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. இந்தியத் தர வரையறைப்படி டீசலின் தீப்பற்று நிலை (பொறி பட்டால் அதன் ஆவி தீப்பிடிக்கும் வெப்பநிலை) குறைந்தபட்சம் 35 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் தகடு அதைத் தாண்டிக் கொதிக்கிறது. உள்ளே உள்ள காற்றை வெளியேற்றச் சைலன்சர் புகையை விட்டால் போதும் என்ற நம்பிக்கையும் தவறு, டீசல் புகையில் ஆக்சிஜன் நிறைய மிச்சம் இருக்கிறது. டேங்கைக் கழற்றி, சோப்புத்தூள் கரைத்த வெந்நீரால் பலமுறை அலசி, கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள எல்லாத் திறப்புகளையும் திறந்து வைத்த பிறகே சுடர் காட்ட வேண்டும். அவசரம் என்று பட்டறைக்காரரை நெருக்காதீர்கள். டேங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாள் பையனின் முகம் அந்த வாய்க்கு நேராக இருக்கிறது.

அடி பொரிந்த டேங்குக்கு மாற்று டேங்க்தான் வழி. ஓடும் மாடலுக்குப் புதியது கிடைக்கும். பழையது வாங்கினால் தண்ணீர் ஊற்றி ஒழுகல் பார்த்து வாங்குங்கள்.

எந்த வழியில் போனாலும் டேங்கை வெயிலில் முழுக்க உலர்த்தி, கொஞ்சம் டீசல் ஊற்றி அலசிக் கொட்டிவிட்டே மாட்ட வேண்டும். மூடிக்குப் புது வாஷர், வாய்க்குள் வடிகட்டி, மூடித் துளையில் ஊதினால் காற்று போகிறதா என்பது: இம்மூன்றையும் பார்த்த பிறகு டீசல் நிரப்புங்கள்.