ஹவானா தாத்தாவின் பாங்கோ என்று 1150 டாலரைப் பிடுங்கிவிட்டார்: பழைய பாங்கோ தேடுகிறவர்கள் கவனம்

இன்று காலை அதே விளம்பரம் மறுபடியும் ஏறியிருக்கிறது. அதே மேசை, அதே ஜன்னல், அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு ஜோடி பாங்கோ, அதாவது மடியில் வைத்து விரலால் வாசிக்கும் இரட்டைச் சின்ன மேளம். என்னிடம் விற்றபோது தாத்தாவின் சொத்து, இப்போது மாமாவின் சொத்தாம். விலையும் 1400க்கு ஏறிவிட்டது. வேலைக்குக் கிளம்புவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் என் 1150 டாலர் போன கதை.

நான் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். அப்பா திருச்சியில் மெல்லிசைக் குழுவில் பாங்கோ வாசித்தவர். விஸ்வநாதன் ராமமூர்த்தி பாட்டென்றால் அவர் விரல்கள் தானாகவே தொடையில் ஓடும். அந்தப் பைத்தியம்தான் எனக்கும். என்னிடம் மூன்று ஜோடி இருக்கின்றன. தாய்லாந்தில் செய்த எல்பி கம்பெனி ஜோடி ஒன்று, பழைய கான் பாப்ஸ் கம்பெனி ஜோடி ஒன்று, நியூயார்க் பிராங்க்ஸில் ஒருவர் கையாலேயே செய்தது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் வரிசையாக வைத்து ஒரே தாளத்தை வாசித்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. ஜோடியில் சின்னதுக்கு மாச்சோ, ஆண். பெரியதுக்கு எம்ப்ரா, பெண். எல்பியின் மாச்சோ சத்தம் சுத்தமாக இருக்கும், ஆனால் கொஞ்சம் ஆபீஸ் சுத்தம். பிராங்க்ஸ் ஜோடியில் கோவேறு கழுதைத் தோல். விரல் பட்டால் விறகு வெடிப்பதுபோல் தெறிக்கும். இதற்கெல்லாம் மூலமான கியூபாக்காரன் எப்படிப் பேசுவான் என்று ஒரு முறையாவது கேட்டுவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

அது சுலபமில்லை. 1962இல் அமெரிக்கா கியூபாவோடு வியாபாரத்தையே நிறுத்திவிட்டது. நல்ல பாங்கோ கிடைக்காமல்தான் மார்ட்டின் கோஹன் என்பவர் தானே செய்ய ஆரம்பித்து, 1964இல் இதே நியூ ஜெர்சியில் எல்பி கம்பெனியைத் தொடங்கினார். அதனால் அந்தத் தடைக்கு முந்தைய, கியூபாவின் தலைநகர் ஹவானாவில் செய்த ஜோடி, அதிலும் அங்கே பெயர்பெற்ற வெர்காரா சகோதரர்கள் பட்டறையில் செய்தது என்றால், சேகரிப்பவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். பில்லும் இருக்காது, ரசீதும் இருக்காது. விற்கிறவர் வாயில் வருவதுதான் ரசீது.

விளம்பரம் வந்தது, ஆள்களே ஆள்களுக்குப் பழைய பொருள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில். பெயர் வேண்டாம். விற்றவர் மயாமிக்காரர். 1950களில் தாத்தா ஹவானாவில் வாங்கியது, வெர்காரா வேலை, பட்டறைப் பெயர்த் தகடு மட்டும் விழுந்துவிட்டது என்றார். தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளையைப் படம் எடுத்து அனுப்பினார். அந்தத் துளையைப் பார்த்து நான் உருகிய உருக்கம் இருக்கிறதே! இல்லாத தகட்டுக்குத் துளையை மட்டும் காட்டி ஒருவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

அப்புறம் வீடியோ கால். மடியில் இடுக்கிக்கொண்டு பாங்கோவின் அடிப்படைத் தாளமான மார்ட்டியோவை வாசித்தார், நன்றாகவே வாசித்தார். பிறகு மேசை விளக்கைப் பக்கத்தில் இழுத்து எம்ப்ராவின் தோலைச் சூடு காட்டினார். "தாத்தா இப்படித்தான் சுருதி ஏற்றுவார்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அப்பா ஞாபகம். அந்த நிமிஷத்தில்தான் விழுந்தேன். தீயில் காட்டிச் சுருதி ஏற்றுவது, தோலை ஆணியடித்து மாட்டிய காலத்து வழக்கம். இவர் கையில் இருந்ததில் போல்ட் இருந்தது. திருகினால் ஏறப்போகிற சுருதிக்கு விளக்கு எதற்கு? இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. இருபது பேருக்கு நானே சொல்லியிருப்பேன்.

விலை 1250. "தளம் கமிஷன் பிடிக்கும், நண்பருக்கு அனுப்புவதுபோல நேராக அனுப்புங்கள், 1150 போதும்" என்றார். அனுப்பினேன். 1150 டாலர். நூறு டாலர் மிச்சம் பிடித்துவிட்ட பெருமையோடு அன்று நன்றாகத் தூங்கினேன்.

பெட்டி வந்ததும் மூக்குதான் முதலில் சந்தேகப்பட்டது. அறுபது எழுபது வருஷத்து மரத்தில் புது வார்னிஷ் வாசனை. அப்போதும் மனசு ஒப்பவில்லை. மறுவாரம் யூனியன் சிட்டியில் தோல் மாற்றிக் கொடுக்கும் கியூபப் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அரை அங்குல ஸ்பேனரை வைத்தார், நுழையவில்லை. 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தது. "நான் பிரித்த பழைய ஹவானா ஜோடியெல்லாம் அங்குலக் கணக்கு" என்றார். தோலைக் கழற்றினால் கட்டையின் உள்பக்கம் புத்தம் புதுசாக, மெஷின் கடைந்த வரி அப்படியே. மாச்சோவில் மெல்லிய ஆட்டுத் தோல். வெளியே ஸ்பிரிட் துணியால் துடைத்தார், பழமை முழுக்கத் துணிக்கு வந்துவிட்டது. மரம் என்ன என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "உங்கள் நாட்டு மரம்தான், சீஷம்" என்றார். நம் பக்கத்திலிருந்து கப்பலேறி, மயாமியில் கியூபாத் தாத்தா வேஷம் கட்டி, என்னிடமே வந்து சேர்ந்திருக்கிறது. புதிதாக வாங்கினால் எழுபது எண்பது டாலர் பெறுமாம். அவர் கூலிகூட வாங்கவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

விற்றவரிடம் கேட்டேன். முதலில் "மரம் சுவாசிக்கும், பொறுங்கள்" என்றார். படங்களை அனுப்பினதும் "என் தாத்தாவை அவமதிக்கிறீர்கள்" என்றார். பிறகு "இருக்கிறபடிதானே விற்றேன்". அதற்கப்புறம் பிளாக். தளத்தில் புகார் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து ஒரு அம்மணி, பணம் எங்கள் வழியாக வரவில்லை, வருந்துகிறோம் என்று எழுதினார். எந்த அளவுக்கு வருந்துகிறார்கள் என்றால், விளம்பரம் இன்றும் அங்கேயே இருக்கிறது. பணம் அனுப்பும் ஆப், நீங்களே அழுத்தி அனுப்பியதுதானே என்றது. வங்கி, ஆப்பிடம் கேளுங்கள் என்றது. ஆப், வங்கியிடம் கேளுங்கள் என்றது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. 1150 டாலருக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் வரும் என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், நேரமில்லை, எட்டு மணிக்கு மீட்டிங். தளத்துக்கு வெளியே ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். தோலைக் கழற்றி உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். நட்டின் அளவைக் கேளுங்கள். தாத்தா கதை ஆரம்பித்தால் போனை வையுங்கள். மயாமி, பழுப்பு மேசை, இடது பக்கம் ஜன்னல், 1400 டாலர், மாமா. தொடாதீர்கள்.