திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிற நாலு கட்டுரைகள்

நிரல் (கம்ப்யூட்டர் புரோகிராம்) எழுதக் கற்பது, கற்பிப்பது பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு தடவைக்குத்தான் தாங்கும், மறுபடி எடுத்தால் வெறும் சக்கை. இந்த நாலு மட்டும் எனக்கு அப்படி ஆகவில்லை.

முதலிடம், யோசிக்காமல் சொல்வேன், கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985இல் எழுதிய 'புரோகிராமிங் ஆஸ் தியரி பில்டிங்'. நிரல் என்பது கோப்பில் கிடக்கும் வரிகள் இல்லை, எழுதியவர்கள் மண்டைக்குள் இருக்கும் புரிதல்தான் என்கிறார். அவர் சொல்லும் உதாரணம் இது: ஒரு குழு எழுதிய கம்பைலரை (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் மென்பொருள்) இன்னொரு குழு விரிவாக்க வேண்டும். மூல நிரல், ஆவணங்கள், எழுதியவர்களின் ஆலோசனை எல்லாமே கையில் இருக்கிறது. அப்படியும் இரண்டாவது குழு, உள்ளேயே இருந்த வசதிகளைக் கண்டுகொள்ளாமல் மேலே மேலே ஒட்டுப் போடுகிறது. முதல் தடவை படித்தபோது 'ஒழுங்காக டாக்குமென்ட் எழுதினால் தீர்ந்தது, இதற்கு ஒரு தத்துவமா' என்று மூடி வைத்தேன். அப்புறம் எழுதியவர் வேலையை விட்டுப் போன ஒரு நிரல் என் தலையில் விழுந்தது. ஆவணம் கத்தை கத்தையாக இருந்தது, ஏன் அப்படிச் செய்தார் என்பது மட்டும் எங்கும் இல்லை. நானும் ஒட்டுதான் போட்டேன். நடை வறட்சி, நடுவில் தத்துவவாதி கில்பர்ட் ரைலை இழுக்கும் இடத்தில் தூக்கம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1988இல் எழுதிய 'ஆன் த க்ரூயல்டி ஆஃப் ரியலி டீச்சிங் கம்ப்யூட்டிங் சயின்ஸ்' படிக்கப் படிக்கக் கோபம் வரும். நிரலில் வரும் தவறை 'பக்' (பூச்சி) என்று சொல்லாதே, பிழை என்று சொல். நீ பார்க்காத நேரத்தில் பூச்சி தானாகப் புகுந்த மாதிரி பேசுவது நேர்மையில்லை, செய்தவன் நீதானே என்கிறார். அதிலிருந்து 'ஒரு பக் வந்துவிட்டது' என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லித்தரும் நிரல் மொழியை அந்தக் கல்லூரியில் எந்தக் கணினியிலும் ஓட்டிப் பார்க்க வழியே இருக்கக் கூடாது என்கிறாரே, அங்கேதான் எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. நான் ஓட்டிப் பார்த்து, அது படுத்து, மறுபடி ஓட்டித்தான் கற்றுக்கொண்டேன். இருந்தும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்துதான் எழுகிறேன், எரிச்சலாக இருக்கிறது.

பால் லாக்ஹார்ட்டின் 'எ மேத்தமடீஷியன்ஸ் லமென்ட்' (2002) கணக்கு வகுப்பைப் பற்றியது. பாட்டையே கேட்காத பிள்ளைகள் இசைக் குறிகளை மட்டும் எழுதிப் பழகுவதாக ஒரு இசைக்கலைஞர் காணும் கெட்ட கனவில் தொடங்குகிறது. இசைக் குறிக்குப் பதில், நிரலில் வரி முடிவில் போடும் செமிகோலன் என்று வைத்துப் பாருங்கள், நம் கம்ப்யூட்டர் வகுப்பேதான். புலம்பல் கொஞ்சம் நீளம்.

நாலாவது, கணினி அறிஞர் பீட்டர் நார்விக், 24 மணி நேரத்தில் ஜாவா என்ற நிரல் மொழியைக் கற்றுவிடலாம் என்று விற்கும் புத்தகங்களைக் கிண்டலடித்து, நிரல் எழுதக் கற்கப் பத்து வருடம் ஆகும் என்று எழுதிய சின்னக் கட்டுரை. சரிதான், ஆனால் நேற்றுதான் தொடங்கியவரிடம் கொடுக்காதீர்கள், ஓடிவிடுவார்.

நவுரை மட்டும், அடுத்தவர் எழுதிய நிரலில் ஒரு தடவையாவது மாட்டிக்கொண்ட பிறகு எடுங்கள். முன்னாடியே படித்தால் என்னைப் போல மூடி வைத்துவிடுவீர்கள்.