நூற்றுக்கு முப்பது என்று பேசி வக்காலத்தில் கையெழுத்திடும் முன்

விபத்து இழப்பீட்டு வழக்கை ‘முன்பணம் வேண்டாம், வருவதில் நூற்றுக்கு முப்பது கொடுத்தால் போதும்’ என்று யாராவது ஏற்க வந்தால், எனக்கு நேர்ந்ததை ஒரு முறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

2022 செப்டம்பரில், இரவு ஷிப்டு முடித்து இருசக்கர வண்டியில் வீடு திரும்பும்போது, பின்னால் வந்த டெம்போ மோதி வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. அப்போது எனக்கு வயது 38. கோவையில் பம்புசெட் செய்யும் ஆலை ஒன்றில் மாதம் 24,000 ரூபாய்ச் சம்பளத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலுக்குள் ராடு வைத்த மூன்றாம் நாள், அறிமுகமே இல்லாத ஒருவர் ஆரஞ்சுப் பழங்களுடன் வார்டுக்கு வந்து, முதல் தகவல் அறிக்கையின் நகல் தம்மிடம் இருப்பதாகவும், தம் வழக்கறிஞர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார். எனக்கே கிடைக்காத நகல் அவர் கைக்கு எப்படிப் போனது என்று கேட்க அன்று தோன்றவில்லை. வக்காலத்திலும், எழுதப்படாத சில தாள்களிலும், வங்கிக் கணக்கு தொடங்கும் படிவத்திலும் படுத்தபடியே கையெழுத்திட்டேன். பின்னர் காசோலைப் புத்தகம் வந்தபோது, ‘கோர்ட்டில் பணம் வாங்கத் தேவைப்படும்’ என்று இரண்டு காசோலைகளில் தொகை எழுதாமலே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் 15 லட்சம் கேட்டு மனு போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அதன்பின் ஒன்றரை ஆண்டு, ‘வாய்தா போட்டிருக்கிறது’ என்பதைத் தவிர வேறு செய்தி இல்லை. 2024-இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொலைபேசியில் அழைத்து, மறுநாள், வழக்குகளைச் சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு வரச் சொன்னார்கள்.

அங்கே எங்கள் முறை ஏறக்குறைய பத்து நிமிடம் நடந்தது. அமர்வுக்கு முன்னால் காப்பீட்டு நிறுவன அதிகாரி என் கோப்பைப் புரட்டிவிட்டு, “ராடு எடுத்தாச்சா?” என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் என் வழக்கறிஞர், “எடுத்தாச்சு சார்” என்றார். ராடு அப்போதும் காலுக்குள்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கைத்தடியுடன் நின்ற நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “நீங்க சும்மா இருங்க அண்ணா, இதெல்லாம் பேசினா ஆறு மாசம் தள்ளிப் போட்டுருவாங்க” என்று காதருகே சொன்னார். 4,20,000 ரூபாய் என்று முடிந்தது. ஆங்கிலத்தில் நான்கு பக்கம் இருந்த சமரசக் குறிப்பில், நான் கையெழுத்திட வேண்டிய ஐந்து இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போடப்பட்டிருந்தது; தொகைக்கான இடம் மட்டும் காலியாக இருந்து, என் கண் முன்னால் பேனாவால் நிரப்பப்பட்டது. வட்டி, எதிர்கால மருத்துவச் செலவு உள்பட எல்லாக் கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்ந்தன என்ற வரி அதில் இருந்ததை, சான்றிட்ட நகல் வாங்கித் தெரிந்தவர் ஒருவரிடம் படித்துக் காட்டச் சொன்னபோதுதான் அறிந்தேன்.

பணம் என் பெயரிலிருந்த கணக்குக்கே வந்தது. வந்த அன்று பிற்பகலில் இன்னொரு குறுஞ்செய்தி: காசோலை வழியாக 1,50,000 எடுக்கப்பட்டது. 30 விழுக்காட்டுக்கு 1,26,000, ‘இதர செலவு’ 24,000 என்று குமாஸ்தா தொலைபேசியில் கணக்குச் சொன்னார். ரசீது கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. எஞ்சிய 2,70,000-இல் மருத்துவமனைக்கு நான் கட்டியிருந்த 1,85,000 போனால் மிச்சம் 85,000. ராடு எடுக்க 70,000 ஆகும் என்கிறார்கள். ஏழு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் கிடந்ததையும், நின்று லேத் ஓட்ட முடியாததால் இப்போது ஸ்டோர்ஸில் 17,000-க்கு உட்கார்ந்திருப்பதையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை.

சமரசத்தையே குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வழக்கு முழுதாக நடந்து, காப்பீட்டு நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போனால் ஆண்டுகள் ஓடும் என்பதும், நியாயமான தொகைக்கு முன்கூட்டியே முடித்துக்கொள்வது பலருக்கு நல்லது என்பதும் உண்மை. ஆனால் தொகை நியாயமா என்று எடைபோட எனக்கு எந்தப் படிக்கல்லும் தரப்படவில்லை. உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை பெருக்கெண், அதாவது ஆண்டு வருமான இழப்பைப் பெருக்க வேண்டிய எண், 15. அதே நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் வழக்கில், உடல் உறுப்பின் ஊன விழுக்காட்டை அப்படியே எடுக்காமல், அவரவர் தொழிலில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கச் சொன்னது. என் திறன் இழப்பை 20 விழுக்காடு என்று குறைவாக வைத்தாலும், 24,000-ஐப் பன்னிரண்டாலும் பதினைந்தாலும் பெருக்கி ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் 8,64,000 வருகிறது. மருத்துவச் செலவும் வலிக்கும் வேதனைக்குமான தொகையும் இதற்கு மேல். இந்த விழுக்காட்டை நிறுவத் தேவையான மருத்துவக் குழுச் சான்றுக்கு என்னை அனுப்பவே இல்லை என்பதையும், ஆலை கொடுத்த சம்பளச் சான்று கோப்பில் சேரவே இல்லை என்பதையும் நகல்களைப் பார்த்தபின் தெரிந்துகொண்டேன். சாட்சி விசாரணை, மருத்துவர் சாட்சியம் என்று இரண்டாண்டு உழைத்து இரு மடங்கு தொகையில் பங்கு பெறுவதைவிட, உழைப்பே இல்லாமல் ஒரே சனிக்கிழமையில் ஒன்றரை லட்சம் கிடைப்பது என் வழக்கறிஞருக்கு லாபம். எனக்கு எது லாபம் என்ற கேள்வி அந்தக் கணக்கில் வரவேயில்லை.

இந்தப் பங்குப் பேச்சே விதிமீறல் என்பது பலருக்குத் தெரியாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு பெற ஒப்புக்கொள்வதையும் இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடை செய்கின்றன. மக்கள் நீதிமன்றத்தில் ‘இந்தத் தொகை வேண்டாம்’ என்று சொன்னால் வழக்கு தீர்ப்பாயத்துக்கே திரும்பிப்போய் விட்ட இடத்திலிருந்து தொடரும். யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கையெழுத்திட்ட பிறகோ, 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதற்கு மேல்முறையீடு கிடையாது. மோசடி போன்ற மிகக் குறுகிய காரணங்களுக்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அதற்கும் வழக்கறிஞர், அதற்கும் செலவு.

எனக்கு இன்னும் ஆறாதது வேறொன்று. அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உள்ளவர்களின் பட்டியலில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினரோடு தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தின் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் அந்தச் சனிக்கிழமை கைத்தடியை ஊன்றிக்கொண்டு நான் உள்ளே போனேன்.

தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். காசோலை எடுக்கப்பட்ட வங்கி அறிக்கை, சமரசக் குறிப்பின் நகல் ஆகியவற்றோடு, ராடு இன்னும் உள்ளே இருப்பதைக் காட்டும், அமர்வுக்கு மூன்று வாரத்துக்குப் பிந்தைய தேதியிட்ட எக்ஸ்ரேயையும் சேர்த்திருக்கிறேன்.