லிப்பிசானர் கிடைக்காத ஊரில்: ரேஸ் குதிரையா, மார்வாரியா?

பெங்களூரில் டிரஸ்ஸாஜ் (குதிரையை நுணுக்கமான நடைகளில் பழக்கிக் காட்டும் சவாரி) பழகி, இனி சொந்தக் குதிரை வாங்கலாம் என்ற கட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள்: ரேஸை விட்டு வந்த தரோபிரெட், இல்லையென்றால் ராஜஸ்தான் மார்வாரி. ஐரோப்பாவிலிருந்து, சவாரிப் போட்டிகளுக்கென்றே வளர்க்கும் வார்ம்பிளட் குதிரையை வரவழைக்கும் வசதி உள்ளவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் டிரஸ்ஸாஜ் அணித் தங்கம் வென்ற நம் நாட்டவர்கள் ஏறியதும் ஐரோப்பியக் குதிரைகள்தான்.

விலை, உயரம், நிறம் எல்லாம் அப்புறம். அந்தக் குதிரையின் தகப்பனை எதைப் பார்த்துப் பொலிகுதிரையாக வைத்துக்கொண்டார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

இந்த மாதிரிச் சவாரிக்கென்றே தேர்ந்து வளர்த்த லிப்பிசானரைப் பார்த்தால் இது புரியும். 1580இல் இன்றைய ஸ்லோவேனியாவின் லிப்பிட்சாவில் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் தொடங்கிய இனம் அது. புளூட்டோ, கொன்வெர்சானோ, மாயெஸ்டோசோ, ஃபவோரி, நெப்போலிடானோ, சிக்லாவி என்று ஆறு பழைய ஆண் வழிகள். பொலிகுதிரையின் பெயரில் தந்தை வழியோடு தாயின் பெயரும் வரும். நம் இனிஷியல் மாதிரிதான், அம்மாவையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில் நான்கு வயது வாக்கில்தான் பயிற்சி தொடங்கும். முழுதாகத் தேற ஆறு வருடம் போல ஆகும். முதலில் தளர்வாக, நேராக முன்னே போவது மட்டுமே. பிறகு வளைவுகள், பக்கவாட்டு நடை. கடைசியில்தான் நின்ற இடத்திலேயே டிராட் (மிதமான ஓட்டம்) போடும் பியாஃப். அங்கே தேறிக் காட்டிய பொலிகுதிரைகளைத்தான் ஆஸ்திரியாவின் பீபர் பண்ணையில் இனவிருத்திக்கு விடுகிறார்கள்.

தரோபிரெட்டுக்குப் பரீட்சை வேகம் ஒன்றுதான். 1764இல் பிறந்து, ஓடிய 18 ரேஸிலும் தோற்காத எக்லிப்ஸின் ஆண் வழியில்தான் இன்றைய தரோபிரெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை வருகின்றன. பரம்பரைக் காகிதம் பக்காவாக இருக்கும். ஆனால் இரண்டு வயதிலேயே ரேஸில் ஓடவிடுகிறார்கள், அதற்கும் முன்பே முதுகில் ஆள் ஏறியாகிவிட்டது. கடிவாளம் இறுகினால் அதில் சாய்ந்து இன்னும் வேகம் எடுக்கத்தான் அது கற்றிருக்கிறது. டிரஸ்ஸாஜில் அதே கடிவாளம் வேறு பேசுகிறது: பின்னங்காலில் எடையை வாங்கு, முன்பக்கத்தை லேசாக்கு. ஜாக்கி குட்டை அங்கவடியில் எழுந்து நின்று ஓட்டுவதால், சவாரிக்காரரின் இடுப்பும் கெண்டைக்காலும் சொல்வது அதற்குப் பிடிபடாது. ஆகவே முதல் வருடம் பழையதை மறக்கவைப்பதிலேயே போய்விடும். அவசரப்பட்டால் நடக்காது.

ஆனாலும் அதன் டிராட் சுத்தமானது. குறுக்கெதிர்க் கால்கள் ஜோடியாக விழும் தெளிவான இரண்டு தாளம். நடுவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மார்வாரியின் சிக்கல் இங்கேதான். பல மார்வாரிகளுக்கு ரேவால் என்ற சொகுசு நடை பிறவியிலேயே உண்டு. ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து போகும். நெடுந்தூரச் சவாரிக்கு அருமை, டிரஸ்ஸாஜ் களத்தில் மதிப்பெண் போய்விடும். பரம்பரையைத் தேர்ந்த விதமும் வேறு. உள்ளே வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் காது, முக லட்சணம், நிறம், சுழி. மாட்டுக்கும் குதிரைக்கும் சுழி பார்த்த நமக்கு இது புதிதில்லை, ஆனால் சுழி சுத்தமாக இருப்பதால் குதிரை நன்றாக டிராட் போடாது. கல்யாண ஊர்வலத்தில் ஆடப் பழக்கியவை இன்னொரு தலைவலி. பார்ப்பதற்குப் பியாஃப் போலவே இருக்கும். கவனித்தால் முதுகு இறுகி, தலை வானத்தைப் பார்த்து, வாய் கடிவாளத்துக்குப் பயந்து கிடக்கும். அந்தப் பயத்தைக் கழற்றுவது ரேஸ் வேகத்தைக் கழற்றுவதைவிடக் கடினம் என்பேன்.

இவ்வளவு சொன்னாலும் மார்வாரியை நான் தள்ளவில்லை. உயர்ந்து எழும் கழுத்து, சிறிய கட்டான உடல், சட்டென்று கற்கும் புத்தி, கடினமான குளம்பு. பின்னங்காலில் எடையை வாங்கி அடக்கி நடக்கும் உடல்வாகு தரோபிரெட்டைவிட இதற்கே இயல்பாக அமைகிறது. ஆனால் யாரும் ஏறாத மூன்று வயதுக் குட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும், சுத்தமாக டிராட் போடுகிறதா என்று கயிற்றில் ஓடவிட்டுப் பார்த்த பிறகு. ஆடப் பழகியது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

போட்டிக்குப் போக ஆசை, கூடவே தினமும் வரும் பயிற்சியாளர் இருக்கிறார் என்றால் ரேஸ் குதிரைதான் என் தேர்வு. நான்கைந்து வயது, விதையடித்தது, குறைவாக ஓடியது. முன்னங்கால் டெண்டனை (தசைநாணை) டாக்டரிடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள். போட்டி வேண்டாம், பத்து வருடம் ஆனாலும் நிதானமாக ஒரு குதிரையை உருவாக்க வேண்டும் என்பவர்களுக்கு மார்வாரி.

இரண்டில் எதுவானாலும், காகிதத்தில் உள்ள அடையாள மைக்ரோசிப் எண்ணும் கழுத்தில் உள்ள சிப்பும் ஒன்றுதானா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மதுரையில் நரியைப் பரியாக்கி விற்ற கதை தெரிந்தவர்கள் நாம்.