மெக்னீசியம் வீலுக்கு செராமிக் கோட்டிங்னு 38,500 ரூபா போச்சு, வேற யாரும் மாட்டிக்காதீங்க

38,500 ரூபா. நாலே நாலு பத்து இஞ்ச் கார் வீலு மேல கண்ணாடி மாதிரி கெட்டியான பாதுகாப்புப் படலம் பூச 38,500 வாங்கிட்டு "அஞ்சு வருஷத்துக்கு நீங்க தொட வேண்டியதே இல்ல சார்"னு சொல்லி அனுப்புனாங்க. இப்ப நாலு வீலும் சுண்ணாம்பு தடவுன மாதிரி வெள்ளையா பூத்துக் கிடக்கு. விரலால தேய்ச்சா மேல வழவழன்னுதான் இருக்கு, வெள்ளை எல்லாம் கோட்டிங்குக்கு உள்ள. தொடைச்சும் எடுக்க முடியாது, சுரண்டவும் முடியாது. கடை பேரைப் போட வேணாம்னு வக்கீல் சொல்லிட்டாரு, அதனால போடல. கார் டீடெய்லிங் ஸ்டூடியோ, ஏசி வெயிட்டிங் ரூம், காபி மெஷின், சீலிங் பூரா தேன்கூடு டிசைன்ல எல்ஈடி லைட்டுன்னு இருக்குமே, அந்த ரகம்.

என்னோடது பழைய மினி கார். அதுல இருக்கறது இங்கிலாந்துல 60கள்ல ரேஸ், ராலி மினிகளுக்கு வந்த எட்டு கை (ஸ்போக்) வச்ச மினிலைட் வீலு, ஒரிஜினல் மெக்னீசியம். இப்ப அதே டிசைன்ல கிடைக்கறது பெரும்பாலும் அலுமினியம்தான். மெக்னீசியம் அலுமினியத்தை விட மூணுல ஒரு பங்கு வெயிட் கம்மி, கையில தூக்குனா உடனே தெரியும். பெயின்ட்டை உரிச்சு கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. அம்பத்தூர்ல ஒரு பஃபிங் பட்டறை அண்ணன்தான் பண்ணிக் கொடுத்தாரு. அவரு மெக்னீசியத்துக்குன்னு தனி பஃப் (பாலிஷ் போடற துணிச் சக்கரம்) வச்சிருக்காரு, இரும்பு தேய்ச்ச பஃப்பை அது மேல வைக்கவே மாட்டாரு, பக்கத்துல எப்பவும் ஒரு பக்கெட் காஞ்ச மணல். ஏன்னா அந்த தூள்ல தீப்பிடிச்சா தண்ணி ஊத்தக்கூடாது, ஊத்துனா ஹைட்ரஜன் வந்து இன்னும் எகிறும். 1955 லெ மான் ரேஸ்ல மெர்சிடிஸ் கார் எரிஞ்சப்ப தண்ணி அடிச்சு இன்னும் மோசமாச்சே, அந்த பாடியும் மெக்னீசியம் கலவைதான். அந்த அண்ணன் வீலைக் கையில கொடுக்கும்போதே சொன்னாரு, "தம்பி, இந்தப் பளபளப்பு தானா நிக்காது, வேக்ஸ் போட்டுக்கிட்டே இருக்கணும், நீங்க வேற திருவான்மியூர்ல இருக்கீங்க, கடல் காத்து."

வேக்ஸ் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அப்பதான் இந்த ஸ்டூடியோ விளம்பரம் போன்ல வந்துச்சு, "எந்த மெட்டலா இருந்தாலும் 9ஹெச் செராமிக், 5 வருஷ வாரண்டி"னு. 9ஹெச்ங்கறது கோட்டிங்கோட கடினத்தன்மை அளவு. நேர்ல போனேன். நான் கேட்ட முதல் கேள்வியே, இது மெக்னீசியம், அலுமினியம் இல்ல, உங்களுக்குத் தெரியுமா, இதுக்கு முன்னாடி பண்ணிருக்கீங்களா? அந்த மேனேஜர் வீலை ஒத்தைக் கையில தூக்கிப் பார்த்துட்டு சிரிச்சாரு. "தெரியாம என்ன சார், போன மாசம்கூட ஒரு இத்தாலி பைக்கோட மெக்னீசியம் கவர் பண்ணோம்"னு டேப்லெட்டை எடுத்து போட்டோவே காட்டுனாரு. அந்த போட்டோவுலதான் விழுந்தேன். வீலைத் தூக்கிப் பார்த்த விதம், சரியான கேள்வி கேக்கற மாதிரி "கேஸ்ட்டா சார், ஃபோர்ஜ்டா?"ன்னு (அதாவது வார்த்ததா, அடிச்சு அழுத்திச் செஞ்சதா) கேட்டது, எல்லாம் சேர்ந்து, சரி விஷயம் தெரிஞ்ச ஆளுன்னு 38,500 மொத்தத்தையும் அட்வான்ஸாவே போட்டேன். அட்வான்ஸா போட்டா பத்து பர்சன்ட் ஆஃபராம்.

உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, அதுவும் அங்க வேலை செய்யற பையன் பாவம் வெள்ளந்தியா சொன்னதால. "எல்லா அலாய் வீலுக்கும் போடற ஆசிட் வாஷ்தான் சார் போட்டோம், நுரை நுரையா பொங்குச்சு, அழுக்கு வருதுன்னு நினைச்சோம்"ங்கறான். அழுக்கு இல்லடா தம்பி, அது என் வீலு கரையறது! மெக்னீசியத்து மேல ஆசிட் பட்டா ஹைட்ரஜன் குமிழா வரும், ஸ்கூல் லேப்ல செஞ்சு பார்த்ததுதானே. அரிச்ச இடத்தை மேலாக்க பஃப் பண்ணி மறைச்சு, சரியா காயக்கூட விடாம அது மேல கோட்டிங் அடிச்சுட்டாங்க. டெலிவரி அன்னிக்கு அந்த எல்ஈடி வெளிச்சத்துல வைரம் மாதிரி மின்னுச்சு.

கொஞ்ச நாள்லயே நட்டு ஓரத்துல ஆரம்பிச்சு புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளைக் கோடு ஓட ஆரம்பிச்சுது. அலுமினியம் மேல தானா வர்ற ஆக்சைடு படலம் இறுக்கமா மூடிக்கும், அதுவே ஒரு பாதுகாப்பு. மெக்னீசியத்துல வர்ற படலம் இடைவெளி விட்டு விட்டு உக்காரும், ஈரம் உள்ள போயிட்டே இருக்கும், உப்பும் சேர்ந்தா கேக்கவே வேணாம். அதுல ஸ்டீல் நட்டு நேரா தொட்டுக்கிட்டு இருந்தா பேட்டரி மாதிரி வேலை செஞ்சு மெக்னீசியத்தைத்தான் தின்னும். இதெல்லாம் 38,500 வாங்கறவனுக்குத் தெரிஞ்சிருக்கணுமா வேணாமா?

போன் பண்ணா முதல்ல "வாட்டர் ஸ்பாட் சார், வாஷ் பண்ணா போயிடும்". போகல. அப்புறம் "போர் தண்ணில கழுவிருப்பீங்க". நான் மெட்ரோ வாட்டர்ல தொடைக்கறதோட சரி. அப்புறம் "டெக்னீஷியன் லீவு, மண்டே வாங்க". மண்டே போனா மேனேஜர் இல்ல, ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு காபி கொடுத்துச்சு, அவ்வளவுதான். அனுப்புன போட்டோவுக்கு எல்லாம் ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல. கடைசியா ஓனர்னு ஒருத்தர் லைன்ல வந்தாரு, "வாரண்டி கார்டை நல்லா படிங்க சார், பெயின்ட் பண்ண சர்ஃபேஸுக்கு மட்டும்தான், பேர் மெட்டல் (பெயின்ட் இல்லாத வெறும் மெட்டல்) வராது"ங்கறாரு. அப்ப எந்த மெட்டலா இருந்தாலும்னு விளம்பரம் எதுக்குய்யா? பில்லுல "மெக்னீசியம் வீல் 4"னு உங்க ஆளுதானே எழுதிருக்காரு? அதுக்கு அவரு சொன்னது, "வேணும்னா இன்னொரு கோட் போட்டுத் தர்றோம், ஸ்பெஷல் ரேட் 12,000." 38,500 வாங்கிட்டு மேல 12,000! அந்த இத்தாலி பைக் போட்டோ வெளிநாட்டு கடை ஒண்ணோட பேஜ்ல அப்படியே கிடக்கு, தேடிப் பார்த்துட்டேன்.

அம்பத்தூர் அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. கோட்டிங்கை எடுத்து, அரிச்ச குழி மறையற அளவுக்குத் தேய்க்கணும், ஒரு வீலுல கை ஓரம் ரொம்ப அரிச்சிருக்கு, அது ரோட்டுக்கு வேணாம், ஷோவுக்கு வச்சுக்கங்கன்னாரு. அந்த வீலு இனி எங்க கிடைக்கும்.

எப்படி பராமரிக்கறதுன்னு விலாவாரியா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப கை ஓடல, சுருக்கமா சொல்லிடறேன். வெறும் பாலிஷ் பண்ண மெக்னீசியத்துக்கு வருஷக் கணக்குல வாரண்டி தர்றேன்னு எவன் சொன்னாலும் எழுந்து வந்துடுங்க. நிரந்தரமா வேணும்னா கன்வர்ஷன் கோட்டிங் (கெமிக்கல்ல மெட்டலோட மேல்பரப்பையே பாதுகாப்புப் படலமா மாத்தறது) பண்ணி மேல பெயின்ட்டுதான், அப்ப கண்ணாடி பளபளப்பு கிடையாது. பளபளப்புதான் வேணும்னா பேஸ்ட் வேக்ஸ், மங்கறதுக்கு முன்னாடியே திரும்பத் திரும்ப, மழைல நனைஞ்சா அன்னிக்கே தொடைச்சுக் காய வச்சிடணும். ஆசிட் வீல் கிளீனர், ஸ்டீல் வூல் ரெண்டும் கிட்டயே வரக்கூடாது, ஸ்டீல் வூலோட இரும்புத் துணுக்கு பதிஞ்சு அங்கேர்ந்தே அரிக்கும். வீட்டுல உக்காந்து கிரைண்டர்ல தேய்க்காதீங்க, தூள் ஆபத்து. உங்க வீலு மெக்னீசியமான்னு சந்தேகம்னா பின்பக்கம் மறைவா பெயின்ட் இல்லாத இடத்துல ஒரு சொட்டு வினிகர் விடுங்க, உடனே குமிழ் வந்தா மெக்னீசியம், அலுமினியம்னா அப்படி வராது, பார்த்ததும் கழுவித் தொடைச்சிடுங்க. இதே சொட்டை அந்த மேனேஜர் முன்னாடி விட்டு என்ன வருதுன்னு கேளுங்க, முழிச்சா காசை எடுக்காதீங்க. மொத்தமா அட்வான்ஸ் வேணவே வேணாம், என்ன கெமிக்கல்ல கழுவப் போறாங்கன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க.

1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சாச்சு, பில்லு, விளம்பர ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் வக்கீல்கிட்ட இருக்கு. அந்த 38,500-ஐ விடறதா இல்ல.