வசைச்சொல்லையும் பாடமாக வைத்த ஆங்கில வகுப்பு

வெளிநாட்டு வேலைக்குச் செல்லவிருக்கும் செவிலியருக்கென மார்த்தாண்டத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நடைபெறும் ஓர் ஆங்கில வகுப்பைப் பற்றிய மதிப்புரை இது. ஐஇஎல்டிஎஸ், மருத்துவப் பணியாளருக்கான ஓஇடி ஆகிய ஆங்கிலத் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் நிலையங்களுக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஆனால் ஆங்கிலத்தின் வசைச்சொற்களையும், அவற்றுக்குப் பதிலாக நாலு பேர் முன்னிலையில் சொல்லத் தகுந்த சொற்களையும் வெளிப்படையாக எடுத்து நடத்தும் வகுப்பு, நான் விசாரித்த வரையில், இது ஒன்றுதான். ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிந்துகொண்டே இதில் சேர்ந்து முடித்தேன்.

இப்படியொரு பாடம் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். 1838இல் லண்டன் மிஷனின் மருத்துவப் பணி நெய்யூரில் தொடங்கிய மாவட்டம் இது. தாய், மகள், பேத்தி என்று தலைமுறையாகச் செவிலியர் பணியில் இருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. அந்தப் பிள்ளைகள் இலக்கணப் பிழையில்லாமல் ஆங்கிலம் எழுதுவார்கள். மருந்துப் பெயர்களை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்வார்கள். ஆனால் பிரிட்டனிலோ அயர்லாந்திலோ உள்ள ஒரு வார்டில், அதிகாலையில் வலியோடு விழித்தெழும் முதியவர் பாடப்புத்தக ஆங்கிலத்தில் பேசமாட்டார். அவர் சொன்னது வேதனையா, வேடிக்கையா, உண்மையான அவமதிப்பா என்று பிரித்தறிய முடியாத செவிலியர், அன்றைய பணி முழுவதும் மனம் குன்றித்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பயிற்சியாளர் இங்கிலாந்தில் நீண்ட காலம் பணிசெய்து ஊர் திரும்பிய மூத்த செவிலியர். அவர் முதலில் கற்பிப்பது சொற்களை அல்ல, அவற்றின் எடையை. பிரிட்டனின் ஒலிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம், பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, 2016இல் வசைச்சொற்களை மென்மையானவை, நடுத்தரமானவை, கடுமையானவை, மிகக் கடுமையானவை என்று வகைப்படுத்தி வெளியிட்டது. அந்த வகைப்பாட்டைப் பார்த்த எங்களுக்கு வியப்பு தாங்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகள் வரும் தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு ‘ப்ளடி’ என்பது கேட்டவுடன் கன்னத்தில் அறைவது போன்ற சொல். அங்கே அது மென்மையான பிரிவில் இருக்கிறது. நம் கல்லூரிப் பிள்ளைகள் பேனா கீழே விழுந்தாலும் சொல்லும் ‘ஷிட்’ அதற்கு மேலே, நடுத்தரப் பிரிவில் இருக்கிறது. நேர்முகத் தேர்விலோ நோயாளியின் கட்டிலருகிலோ நம்மவர்கள் தவறிச் சொல்ல வாய்ப்புள்ள சொல் இரண்டாவதுதான் என்பதால், இந்த ஒரு பாடத்துக்கே கட்டிய பணம் தகும்.

சொற்களின் எடை காலத்தோடும் இடத்தோடும் மாறுவதையும் அவர் எடுத்துக்காட்டுகளோடு விளக்கினார். 1914இல் லண்டன் மேடையில் ஒரு நாடகத்தின் கதாநாயகி ‘ப்ளடி’ என்று சொன்னது பெரும் பரபரப்பாயிற்று. 2006இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட ஒரு சுற்றுலா விளம்பரத்தில் அதே சொல் இருந்ததால், பிரிட்டன் தொலைக்காட்சியில் அதற்கு முதலில் தடை விதிக்கப்பட்டு, பின்னர் விலக்கப்பட்டது. நம் பக்கத்து ‘லேய்’ கூட்டாளிகளுக்கிடையே பாசமாகவும், முன்பின் அறியாதவரிடம் அடிதடிக்கு அழைப்பாகவும் ஆவதைப் போன்றதே இது என்று அவர் சொன்னபோது, அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

வகுப்பின் உயிர்நாடி நடிப்புப் பயிற்சிதான். ஓஇடி தேர்வின் பேச்சுப் பகுதியில் செவிலியரும் நோயாளியுமாக உரையாடும் இரண்டு காட்சிகள் உண்டு. அந்த அமைப்பையே இவர்கள் கடினமான சூழல்களுக்கு விரித்திருக்கிறார்கள். பயிற்சியாளர் இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்த முதியவராக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். புரட்டிப் படுக்கவைக்க வந்த மாணவியிடம் பல்லைக் கடித்தபடி மூன்று நான்கு சொற்களை உரத்து உதிர்த்தார். அந்தப் பெண் முகம் வாடி, “ஒய் ஆர் யூ ஸ்கோல்டிங் மீ, சார்?” என்று கேட்டுவிட்டாள். பயிற்சியாளர் நாற்காலியிலிருந்து எழாமலே, “அவரு ஒன்ன ஏசல மக்களே, வலியத்தான் ஏசுதாரு. வலி எவ்வளவு இருக்குன்னு கேளு” என்றார். அடுத்த முறை அந்த மாணவி, “தட் மஸ்ட் ரியலி ஹர்ட். ஷல் வி ஸ்டாப் ஃபார் எ மினிட்?” என்று தொடங்கினாள், குரல் நடுங்கினாலும் வழி தெரிந்துவிட்டது.

இதற்குப் பின்னே ஆராய்ச்சியும் இருக்கிறது. 2009இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் குழுவினர் பங்கேற்பாளர்களைப் பனிக்குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். சாதாரணச் சொல்லைச் சொன்னபோதைவிட வசைச்சொல்லைச் சொன்னபோது அவர்களால் கூடுதல் நேரம் தாங்க முடிந்தது. பக்கவாதத்தால் பேச்சிழந்த சிலரிடம் வேறு சொற்கள் போன பிறகும் வசைச்சொற்கள் மட்டும் எஞ்சி நிற்பதும் மருத்துவ உலகம் அறிந்ததே. இவற்றை அறிந்த செவிலியர் அத்தகைய நோயாளியிடம் மனத்தாங்கல் கொள்ளமாட்டார். அதே சமயம், நிறத்தையும் நாட்டையும் குறித்து இழிவாகப் பேசுவதைப் பொறுத்துப்போக வேண்டியதில்லை என்பதையும், “ப்ளீஸ் டோன்ட் ஸ்பீக் டு மீ லைக் தட்” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு மேலாளரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் பயிற்சியாளர் அழுத்திச் சொல்கிறார். சகிப்பே நல்ல செவிலியருக்கு அழகு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இது மிகவும் தேவையான பாடம்.

மாற்றுச் சொற்களைக் கற்பிக்கும் பகுதியில்தான் எனக்கு மனக்குறை. ‘டாம்’ என்பதற்கு ‘டார்ன்’, ‘ஹெல்’ என்பதற்கு ‘ஹெக்’, ‘ஷிட்’ என்பதற்கு ‘ஷூட்’ அல்லது ‘ஷுகர்’ என்று அச்சிட்ட தாள் ஒன்றைத் தருகிறார்கள். அவையல் கிளவியை, அதாவது அவையில் சொல்லத் தகாத சொல்லை, மறைத்துச் சொல் என்றது தொல்காப்பியம்; நன்னூல் அதை இடக்கரடக்கல் என்றது; ஆகவே இந்தப் பழக்கம் நமக்குப் புதிதன்று. ஆனால் அதே தாளில் ‘காஷ்’, ‘ஜீஸ்’ ஆகியவையும் எந்தக் குறிப்பும் இன்றி நல்ல சொற்களாக இடம்பெற்றிருக்கின்றன. முன்னது ‘காட்’ என்பதையும் பின்னது ‘ஜீஸஸ்’ என்பதையும் திரித்து உருவானவை. வகுப்பில் பெரும்பாலோர் சிஎஸ்ஐ, கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆண்டவரின் பெயரை வீணாகச் சொல்லாதே என்ற கட்டளையைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள். வியப்பிலோ எரிச்சலிலோ கடவுள் பெயரையும் இயேசுவின் பெயரையும் உச்சரிப்பதை ஆஃப்காம் வகைப்பாடே மென்மையான வசைகளில் சேர்த்திருக்கிறது. அப்படியிருக்க, இந்தத் திரிபுகளின் பிறப்பைச் சொல்லிவிட்டு, பயன்படுத்துவதா வேண்டாமா என்பதை மாணவியின் மனச்சாட்சிக்கு விடுவதே முறை. ‘ஓ டியர்’ என்ற எளிய தொடர் எவர் மனத்தையும் உறுத்தாது. அது தாளில் எங்கும் இல்லை.

பணிவான கேள்வி வடிவங்களுக்கு இன்னும் கூடுதல் நேரம் ஒதுக்கியிருக்கலாம் என்பதும் என் கருத்து. தமிழில் ‘வாங்க’, ‘இருங்க’ என்று வினையின் ஈற்றிலேயே மரியாதை அமைந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தோடு “சிட்”, “ஓபன் யுவர் மவுத்” என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது, ஒரு வசைச்சொல்லும் இல்லாமலே நாம் அதட்டுபவராகத் தோன்றிவிடுகிறோம். “குட் யூ ஓபன் யுவர் மவுத் ஃபார் மீ, ப்ளீஸ்?” என்று தன்னியல்பாக வாயில் வரும்வரை பழக்க வேண்டும். இரண்டே மணி நேரத்தில் இதை ஓட்டிவிட்டார்கள்.

கட்டணம் 2,000 ரூபாய். இடம் மாடியில், மின்விசிறி இரைச்சலோடு இருந்தாலும் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். பிரிட்டனின் பல வட்டார உச்சரிப்புகளை ஒலிப்பதிவாகக் கேட்கவைக்கும் வசதி இல்லை. பயிற்சியாளரின் குரல் ஒன்றை மட்டும் நம்பிப் போகிறவர்களுக்கு லிவர்பூல், கிளாஸ்கோ போன்ற இடங்களில் முதல் சில வாரங்கள் கடினமாகவே இருக்கும். தேர்வு மதிப்பெண்ணுக்கான பயிற்சியை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அதை வேறிடத்தில் படித்துக்கொண்டே இதையும் சேர்த்துப் படிப்பது நல்லது. விசா கைக்கு வந்தபின் அவசரமாக ஓடி வராமல், தேர்வுக்குப் படிக்கும் காலத்திலேயே சேர்ந்துவிடுங்கள். நடிப்புப் பயிற்சியில் ஒவ்வொருவருக்கும் முறை வர வேண்டும் என்பதற்காக, ஒரு குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் அவர்கள் எடுப்பதில்லை.